கிட்டாருக்கும் ஒரு மூன்று வருடக் கணக்கு

ஆச்சிக்கு வணக்கம்.

பையன் பிளஸ் டூ முடித்ததும் கிட்டார்தான் என்று நிற்கிறான், அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் ஃபிங்கர்ஸ்டைல் கச்சேரிக்குப் போயே தீருவேன் என்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கச்சேரிக்கு அனுப்புங்கள். நீங்களும் கூடப் போங்கள். காரைக்குடியில் அதிகாலை பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர்.

ஃபிங்கர்ஸ்டைல் என்பது பிக் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) பிடிக்காமல் வெறும் விரல்களால் வாசிப்பது. கட்டைவிரல் தடித்த தந்திகளில் நடை போட, மற்ற விரல்கள் பாட்டை வாசிக்கும். ஒருவர் வாசிப்பார், கண்ணை மூடினால் மூன்று பேர் வாசிப்பது போலிருக்கும். வீணையில் இரண்டு விரல் மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்தியைப் பார்த்துக்கொள்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். காரைக்குடி சகோதரர்களின் வீணையால் பேர் வாங்கிய ஊர் நம்முடையது. மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். இளையவர் சாம்பசிவ ஐயருக்கு 1952இல் சங்கீத நாடக அகாடமி விருது. ஆக, தந்திக்கருவி ஊருக்கு ஆகாத தொழில் என்று பேச முடியாது.

சரி, பையன் உங்களிடம் ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார் கலைஞர் டாமி இம்மானுவேலை உதாரணம் காட்டுகிறானாம், ‘அவருக்கு நோட்டேஷனே (எழுதிவைத்த இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாது’ என்று. உண்மைதான். ஆனால் மீதிக் கதையையும் அவனைச் சொல்லச் சொல்லுங்கள். 1955இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், நாலு வயதில் கிட்டார் பிடித்தவர். சிறுவயதிலேயே குடும்பக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தார். வளர்ந்த பிறகும் பல வருடம் ஸ்டுடியோவில் மற்றவர்கள் பாட்டுக்கு வாசித்துச் சம்பாதித்தார். அவர் குருவாக நினைத்த அமெரிக்க கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் ‘சர்டிஃபைட் கிட்டார் பிளேயர்’ என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தபோது வருடம் 1999, வயது நாற்பத்து நாலு. கிராமி விருது கிடைத்தது 2024இல். நம் பையன் தொடங்கியது பதினைந்து வயதில். அவன் நோட்டேஷன் படிக்கட்டும். ஸ்டுடியோ வேலைக்கும் பாடம் சொல்லித்தரவும் அது கை கொடுக்கும்.

உங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர்களை எடுத்தவுடன் கடையை நடத்தும் ஏஜெண்ட் ஆக்கவில்லை. தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள், ஒரு தவணைக் கணக்கு மூன்று வருடம். இவனுக்கும் அதையே கொடுங்கள். உள்ளூரில் பி.காம் சேரட்டும், அதுவும் மூன்று வருடம்தான். பக்கத்தில் ட்ரினிட்டி காலேஜ் லண்டன் கிட்டார் தேர்வுகளை எழுதிக்கொண்டே வரட்டும். எட்டு கிரேடு இருக்கிறது, எட்டையும் இந்த மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும் என்றில்லை. ரஹ்மானின் கே.எம். இசைக்கல்லூரி சென்னையில் 2008இலிருந்து இருக்கிறது, அதை டிகிரிக்குப் பிறகு யோசிக்கலாம். (பிடிக்காத இன்ஜினியரிங் சீட்டுக்கு நிலத்தை விற்றுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுத அப்பாக்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் என்று ஒன்று வராது. நாலு பிள்ளைகளுக்குப் பாடம், ஒரு கல்யாண ரிசப்ஷன், என்றாவது ஒரு ரெக்கார்டிங் என்று சில்லறையாகத்தான் சேரும். மேடைப் பணம் கடைசியில் வருவது. மூன்றாம் வருட முடிவில் அவன் சொந்தமாகச் சம்பாதித்தது எவ்வளவு என்று உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கச்சேரியில் அவனை முன்வரிசைக்குப் பக்கமாக, வாசிப்பவரின் வலதுகைக் கட்டைவிரல் தெரியும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஃபோன் உங்கள் பையில் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் ஒரு பேரேடு வாங்கிக் கொடுத்து, டிக்கெட் காசை முதல் பற்றாக அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.