என்ஜினுக்கான லேசர் சென்சார் ஆராய்ச்சி, மின்சார வண்டிக் காலத்தில் வீணா?

"வாழ்நாள் முழுவதும் பெட்ரோல், டீசல் என்ஜின்களுக்கு லேசர் சென்சார் உருவாக்கிய பேராசிரியர்கள் இருக்கிறார்கள். மின்சார வண்டிகள் வந்துவிட்டன. அந்த உழைப்பு வீண்தானே? நான் அந்தத் துறைக்குப் போகலாமா?" என்று மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வீணே இல்லை, தம்பி. வடசென்னை மணலியில் ஓர் ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் (அளவீட்டுக் கருவிகள்) பிரிவில் வேலை செய்கிறேன். அந்த உழைப்பின் பலன் எங்கள் ஃபர்னஸ் (உலை) சுவரில் மாட்டியிருக்கிறது.

இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ரொனால்ட் ஹான்சன். 1972-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பேராசிரியர். அலைநீளத்தை மாற்றக்கூடிய டையோடு லேசரைச் சுடருக்குள் செலுத்தி, எரியும் வாயுக்களை அளக்கும் வேலையை எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டார். அன்றைய அகச்சிவப்பு டையோடு லேசர்களைக் கடுங்குளிரில் வைத்தால்தான் வேலை செய்யும். அவற்றை ஆய்வகத்தை விட்டு வெளியே கொண்டுபோவதே பெரும்பாடு. பிறகு கண்ணாடி இழைத் தொலைத்தொடர்புக்காக, அறை வெப்பத்திலேயே இயங்கும் சிறிய லேசர்கள் வந்தன. அவற்றின் அலைநீள எல்லைக்குள், 1.4 மைக்ரான் அருகே, நீராவி ஒளியை நன்றாக உறிஞ்சும். பெட்ரோலோ டீசலோ எரிந்தால் நீராவி வந்தே தீரும். வேறொரு துறைக்காகப் பிறந்த லேசர் என்ஜின்காரர்களுக்கு வரமாக அமைந்தது இப்படித்தான்.

என்ஜினுக்குள் அளப்பது ஏன் கடினம்? 3000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடிதான். அதிலும் எரிதல் நடப்பது சில மில்லி விநாடிகளே. வெப்பமோ 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சாதாரணத் தெர்மோகப்பிள் (உலோகக் கம்பி வெப்பமானி) சூட்டை உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. நீராவி உறிஞ்சும் இரண்டு அலைநீளங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றை உறிஞ்சுபவை பெரும்பாலும் குறைந்த ஆற்றல் நிலையில் உள்ள மூலக்கூறுகள். மற்றொன்றை உறிஞ்சுபவை உயர்ந்த நிலையில் உள்ளவை. சூடு ஏற ஏற இரண்டாவது வகை பெருகும். ஆக, இரண்டு உறிஞ்சல்களின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லிவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்தது கரிப் பிரச்சினையை வென்ற விதம். கண்ணாடிச் சன்னலில் கரி படிந்தால் ஒளி குறையும். குறைந்தது கரியாலா, வாயுவாலா? லேசரின் அலைநீளத்தை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். வாயுவின் உறிஞ்சல், ஆட்டிய அதிர்வெண்ணின் இருமடங்கில் தனியாகத் தெரியும். அந்தச் சிக்னலை ஆட்டிய அதிர்வெண்ணில் வரும் சிக்னலால் வகுத்தால், கரி தின்ற பங்கு இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் அடிபட்டுப்போகும். இந்த ஓர் உத்தியைச் செம்மையாக்க ஆராய்ச்சி மாணவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அவர்களை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

இனி மணலிக்கு வருகிறேன். எங்கள் ஃபர்னஸில் முன்பு சிர்கோனியா என்ற பீங்கான் வகையால் ஆன ஆக்ஸிஜன் சென்சார் இருந்தது. அது ஒரே இடத்தில்தான் அளக்கும். அளப்பதற்கு அதன் முனையே சுமார் 700 டிகிரியில் காய வேண்டும் என்பதால், எரியாத எரிவாயு தேங்கினால் அதுவே பற்றவைத்துவிடும் அபாயமும் உண்டு. இப்போது ஒரு சுவரில் லேசர், எதிர்ச்சுவரில் அதை வாங்கும் பகுதி. ஆக்ஸிஜன் உறிஞ்சும் 0.76 மைக்ரான் அலைநீளத்தில் அது இயங்கும். குறுக்கே உள்ள மொத்தப் பாதையின் சராசரியும் சில விநாடிகளில் கிடைக்கிறது. ஃபர்னஸ் சூடேறும்போது சுவர் விரிந்து கதிர் விலகும். அப்போது மேடையில் ஏறி நின்று, திரையில் ஒளியின் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே, நட்டைக் கால் திருப்பாகத் திருப்பிச் சரிசெய்வோம். ஆக்ஸிஜன் கூடினால் எரிபொருள் வீண், குறைந்தால் கார்பன் மோனாக்சைடு. எண்ணூர், திருவொற்றியூர்க் காற்றைச் சுவாசிக்கும் எங்களுக்கு அந்த எண் வெறும் எண் இல்லை.

வண்டி மின்சாரமானாலும் ஃபர்னஸ், பாய்லர், விமான என்ஜின், கப்பல் என்ஜின் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஹைட்ரஜன், அம்மோனியா எரிபொருள்களுக்கும் இதே அளவீடு வேண்டும். அம்மோனியா எரிந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு வரும், எரியாமல் தப்பினால் அதுவே நச்சு.

தாராளமாகப் போங்கள். ஆனால் மெக்கானிக்கல் பாடம் மட்டும் போதாது. நிறமாலையியலும் (பொருள்கள் ஒளியை எப்படி உறிஞ்சுகின்றன, உமிழ்கின்றன என்று ஆராயும் இயல்) சிக்னல் பிராசஸிங்கும் கட்டாயம் படியுங்கள். சென்னை ஐஐடியிலேயே எரிதல் ஆராய்ச்சிக்கென்று தேசிய மையம் இருக்கிறது. விண்ணப்பத்தை அங்கிருந்து தொடங்கலாம்.