ஒருவர் நீளம் என்கிறார், ஒருவர் போதாது என்கிறார்

கேள்வி: நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளூரைடு பற்றிய என் முதல் ஆய்வுக் கட்டுரை, ஐந்து மாதம் கழித்து 'மேஜர் ரிவிஷன்' (பெரிய திருத்தங்கள் தேவை) என்று இதழிலிருந்து திரும்பி வந்துவிட்டது. புள்ளியியல் பகுதி நீளம் என்கிறார் ஒரு மதிப்பாய்வாளர். போதாது என்கிறார் மற்றவர். மழைக்கால மாதிரிகள் இல்லை என்ற குறையும் உண்டு. பணம் கட்டினால் பத்தே நாளில் வெளியிடும் இதழ் ஒன்று இருக்கிறது. அதற்கு அனுப்பிவிடலாமா?
— ஆய்வு மாணவி, தருமபுரி

பதில்: உங்கள் கட்டுரை நிராகரிக்கப்படவில்லை, அம்மா. மதிப்பாய்வுக்கே அனுப்பப்படாமல் இதழாசிரியரின் மேசையிலிருந்தே திரும்பும் கட்டுரைகள் ஏராளம். உங்களுடையது அந்த வாசலைத் தாண்டிவிட்டது. மதிப்பாய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, தம் சொந்த வேலைக்கு நடுவே படிப்பவர்கள் என்பதால், ஒப்புக்கொள்ளும் ஆளைத் தேடிப் பிடிப்பதிலேயே பல வாரங்கள் கழிந்துவிடும். அவர்கள் கருத்துத்தான் சொல்கிறார்கள், முடிவு இதழாசிரியருடையது.

இருவரும் முரண்படுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கோ, இருவரும் ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள் என்று படுகிறது. முக்கியமான புள்ளியியல் சோதனையையும் அதைத் தேர்ந்த காரணத்தையும் கட்டுரையில் தெளிவாக வைத்துவிட்டு, அட்டவணைகளைப் பின்னிணைப்புக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால், யாருடைய யோசனையை எதற்காக ஏற்றீர்கள் என்று இதழாசிரியருக்கே எழுதிவிடலாம்.

மழைக்கால மாதிரிக்காக அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. தலைப்பிலும் முடிவுரையிலும் 'கோடைக்கால நிலை' என்று வரம்பைக் குறுக்கிக்கொண்டு, பதில் கடிதத்தில், "மதிப்பாய்வாளர் 2, கருத்து 4: ஏற்கிறோம், எங்கள் தரவு கோடைக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பக்கம் 11, வரி 6இல் சேர்த்துள்ளோம்" என்கிற முறையில் ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே விடை எழுதுங்கள். ஏற்க முடியாததைக் காரணத்தோடு மறுக்கலாம். பதிலே சொல்லாமல் தாண்டிப் போவதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

கோபம் வருவது இயல்பு. ஐன்ஸ்டைனுக்கே வந்தது. ஈர்ப்பு அலைகள் (பெரும் நிறைகளின் அசைவால் வெளியில் பரவும் நுண் அதிர்வுகள்) இல்லை என்று நேதன் ரோசனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை 1936இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழ் ஒரு மதிப்பாய்வாளருக்கு அனுப்பியபோது, அச்சேறுமுன் பிறரிடம் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அந்த மதிப்பாய்வாளர் சுட்டிய குறை உண்மையானது. மறு ஆண்டு வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவே மாறியிருந்தது. பிழையைக் கண்ட மதிப்பாய்வாளர் ஹெச்.பி. ராபர்ட்சன் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகே பொதுவெளியில் உறுதியானது. அந்த அலைகள் 2015இல் கருவியில் பதிவாயின.

அந்தப் பத்து நாள் இதழ் வேண்டாம். கட்டணம் வாங்குவதே குற்றமென்று சொல்ல மாட்டேன். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுக்க இதழ்களும், கட்டுரையை ஏற்றபின் கட்டணம் வாங்குகின்றன. பத்து நாளில் பொறுப்பாகப் படிக்க ஆள் கிடைப்பாரா என்பதுதான் என் சந்தேகம். 2013இல் 'சயன்ஸ்' இதழின் சார்பில், வேண்டுமென்றே பிழைகள் புகுத்திய கட்டுரை ஒன்று 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பப்பட்டது. 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன.

கடிதத்தில் கொடுத்திருக்கும் கெடு போதாதென்றால், அது முடியுமுன்பே கூடுதல் அவகாசம் கேட்டு இதழாசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்; பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.