ஏஜென்ட் ஏன் வாய் திறக்கவில்லை?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான்கு வருடங்களாக உங்கள் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். இப்போது ஒரு சொந்த விஷயத்துக்காக எழுதுகிறேன். நானும் மனைவியும் சிகாகோ பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். வரும் ஆண்டு மகள் பள்ளிக்குப் போக வேண்டும். என் வேலை நகருக்குள் என்பதால், ரயில் வசதி உள்ள ஓக் பார்க் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நண்பர்கள் எல்லோரும், "அங்கே எதுக்கு? நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் பார். நம்மாட்கள் இருக்கிறார்கள், பயமில்லை" என்கிறார்கள். சரி என்று எங்கள் வீட்டு ஏஜென்டிடமே, "ஓக் பார்க்கில் எந்த மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையர், கறுப்பர், ஆசியர், இஸ்பானியர் என்று எல்லா விழுக்காட்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. எதைத்தான் நம்புவது? நான் கேட்டதில் தவறு இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

கூட்டல் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இனம் ஒரு கேள்வி, இஸ்பானிய வம்சாவளியா என்பது தனிக் கேள்வி. மெக்சிகோவிலிருந்து வந்த ஒருவர் முதல் கேள்விக்கு 'வெள்ளையர்' என்றும் அடுத்ததற்கு 'ஆம்' என்றும் எழுதினால், இரண்டு இடத்திலும் எண்ணப்படுவார். அதனால்தான் நூறைத் தாண்டுகிறது. அந்தந்த வீட்டுக்காரர் தானே நிரப்பிக் கொடுப்பதுதான் இந்தக் கணக்கு. நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970 கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 'ஏசியன் இந்தியன்' என்று நமக்குத் தனிக் கட்டம் வந்தது 1980இல். ஆட்கள் அதே ஆட்கள்தான், கட்டம்தான் மாறியது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களை மதிக்காமல் அப்படிச் சொல்லவில்லை. ஆளின் இனத்தைப் பார்த்து 'இந்த ஊருக்குப் போ, அந்த ஊர் வேண்டாம்' என்று தரகர் திருப்பிவிடுவதை 1968ஆம் ஆண்டின் வீட்டுரிமைச் சட்டம் தடை செய்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில் கையெழுத்தான சட்டம் அது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1966 ஆகஸ்டில், இதே சிகாகோவின் மார்க்கெட் பார்க் (Marquette Park) பகுதியில் எல்லோருக்கும் வீடு கிடைக்க வேண்டும் என்று ஊர்வலம் போனபோது, கிங்கின் தலையில் கல் வந்து விழுந்தது. உங்கள் ஏஜென்டின் மௌனத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

தரகர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில் என்ன நடந்தது என்று பார்க்க ஓக் பார்க்கின் கிழக்கு எல்லைக்குப் போனால் போதும். ஆஸ்டின் பொலிவார்ட் என்ற ஒரே ஒரு சாலை. இந்தப் பக்கம் ஓக் பார்க், அந்தப் பக்கம் சிகாகோ நகரின் ஆஸ்டின் பகுதி. 1960இல் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர். 1980இல் ஆஸ்டினில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர். இருபது வருடத்தில் இவ்வளவு பெரிய பகுதி எப்படி மாறும்? தரகர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார்கள். உங்கள் தெருவுக்குக் கறுப்பர் குடும்பம் வரப்போகிறது, இப்போதே விற்றால் இந்த விலை, பொறுத்தால் பாதிகூடத் தேறாது என்றார்கள். பயந்துபோன வெள்ளைக்காரரிடம் குறைந்த விலைக்கு வாங்கி, வேறெங்கும் வீடு கிடைக்காத கறுப்பர் குடும்பத்துக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். வங்கிகளோ கறுப்பர் வாழும் பகுதி என்றாலே கடன் தர மறுத்தன. கடன் கிடைக்காத தெருவில் வீட்டைப் பழுதுபார்க்க முடியாது, கடை நிற்காது. அப்புறம் அதையே காட்டி, 'பார்த்தாயா, அவர்கள் வந்தார்கள், ஊர் கெட்டுவிட்டது' என்பார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் 'பயமில்லை'யில் இந்தப் பேச்சின் மிச்சம் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது காதில் விழுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஓக் பார்க்கும் யோக்கியமான ஊராகத் தொடங்கவில்லை. பெர்சி ஜூலியன் என்ற வேதியியலாளர் 1950இல் அங்கே வீடு வாங்கினார். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன், வியன்னாவில் முனைவர் பட்டம் வாங்கியவர். கண் அழுத்த நோய்க்கான மருந்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர், சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் எடுக்க வழி செய்தவர். அப்படிப்பட்டவரின் குடும்பம் குடிபுகுவதற்கு முன்பே, அந்த நவம்பரில், வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த ஜூனில் பிள்ளைகள் தூங்கும் அறை ஜன்னலுக்கு வெளியே வெடிமருந்தை வீசினார்கள். இரவுகளில் அப்பாவும் பத்து வயது மகனும் தோட்டத்து மரத்தில் உட்கார்ந்து, கையில் துப்பாக்கியோடு வீட்டைக் காவல் காத்ததை அந்த மகன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். குடும்பம் ஊரை விட்டுப் போகவில்லை. இன்று அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி ஜூலியன் பெயரில் இருக்கிறது. உங்கள் மகள் அதில் படிக்கவும் கூடும்.

ஆஸ்டின் மாறிக்கொண்டிருந்தபோது ஓக் பார்க்குக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. கதவை அடைத்துக்கொள்வது ஒன்று, எல்லோரும் வீட்டை விற்றுவிட்டு ஓடுவது மற்றொன்று. அவர்கள் இரண்டையும் செய்யவில்லை, எனக்கு அந்த ஊர்மேல் இருக்கும் மரியாதை இதனால்தான். 1968 மே மாதம் ஊராட்சியே வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடை செய்தது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணி வீட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். வாடகைக்கு வருகிற வெள்ளையரை, அவர்கள் தயங்குகிற கிழக்குத் தெருக்களையும் பார்க்கச் சொன்னார்கள், கறுப்பினத்தவரை ஒரே மூலையில் குவியாமல் ஊர் முழுக்க வீடு பார்க்கச் சொன்னார்கள். தெருவில் நாலு 'விற்பனைக்கு' பலகை நட்டாலே பீதி பரவும் என்று பலகைகளுக்குத் தடை போட்டார்கள். 1977இல் நியூ ஜெர்சியின் வில்லிங்பரோ ஊர் வழக்கில் அந்த மாதிரித் தடை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், ஓக் பார்க் தரகர்கள் தாங்களாகவே பலகை வைக்காமல் இருந்தார்கள். 1978இல் ஒரு காப்புத் திட்டம் வந்தது. வீட்டு விலை விழுந்தால் நஷ்டத்தின் பெரும்பகுதியை ஊராட்சி ஈடுகட்டும் என்றார்கள். ஒருவர்கூட அந்தப் பணத்தைக் கேட்டு வரவேண்டிய நிலை வரவில்லை. புது ஊராட்சிக் கட்டடத்தையும் எல்லையை ஒட்டிய கிழக்குப் பக்கத்தில்தான் 1975இல் கட்டினார்கள். நாங்கள் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று செங்கல்லில் எழுதிக் காட்டினார்கள்.

1970இல் அந்த ஊரில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2010இல் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். இந்த விழுக்காடு தானாக வந்ததில்லை தம்பி. பக்கத்து ஊரின் விழுக்காடும் தானாக வந்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்டின் பொலிவார்டில் நடந்தால், ஓக் பார்க் பக்கத்துச் சில தெருக்கள் முட்டுச்சந்தாக முடிவதைப் பார்ப்பீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து கார் நேராக உள்ளே வர முடியாது. போக்குவரத்தைக் குறைக்க என்றார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அது உறுத்துகிறது. நாங்கள் எங்கே குடியிருக்கலாம் என்று யோசனை சொல்ல நீங்கள் யார் என்று வீட்டு மையத்தைப் பார்த்து கறுப்பினத்தவர்களே கேட்டார்கள், அது நியாயமான கேள்வி. உயர்நிலைப் பள்ளியில் கடினமான வகுப்புகளில் எந்த இனத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சொத்து வரி வேறு அதிகம். அதனாலும் வீட்டு விலையாலும் பலர் வெளியேறி, 2020 கணக்கில் கறுப்பினத்தவர் பங்கு 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது.

நீங்கள் கேட்டது தவறா என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் சென்னையில் வாடகைக்கு வீடு தேடினோம். ஒரு வீட்டுக்காரம்மா கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். பதிலைக் கேட்டதும், "வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சும்மா" என்று கதவைச் சாத்தினார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். கேட்டில் அதே 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாகியும் அந்தப் பலகையின் நிறம் எனக்கு மறக்கவில்லை. 'எந்த மாதிரி ஆட்கள்' என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் அந்தக் கதவுதான் கண்முன் வந்தது. கோபத்தில் சொல்லவில்லை. நீங்களே யோசித்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

நம்மை இந்த நாட்டுக்குள் விட்ட 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவர் ரத்தம் சிந்திப் போராடிய அதே ஆண்டுகளில், அதே அலையில் வந்தது. ஜூலியன் மரத்தில் உட்கார்ந்து காத்த இரவுகளில் நமக்கும் பங்கு உண்டு.

நேப்பர்வில் நல்ல ஊர், லெமான்ட் கோயில் பக்கம், நான் குறை சொல்ல மாட்டேன். நம்மாட்கள் வேண்டும் என்று அங்கே போனால் அது சரி. கறுப்பர் இல்லை என்பதற்காகப் போகாதீர்கள். முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு டவுன்டவுனிலிருந்து க்ரீன் லைன் ரயிலில் வாருங்கள். ஆஸ்டின் நிலையத்தில் இறங்கி, லேக் ஸ்ட்ரீட்டில் மேற்கே ஹார்லெம் அவென்யூ வரை நடக்கலாம், அரை மணிக்கு மேல் ஆகும். வழியில் பூங்காவில் மகளை விளையாட விடுங்கள். யார் பக்கத்தில் ஊஞ்சலாடுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே இருக்கிற பெற்றோரிடம் பள்ளியைப் பற்றிக் கேளுங்கள், ஏஜென்ட் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வருகிற தேதியை முன்கூட்டியே எழுதினால் நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா