ஃபேன் கார்டை யார் சொல்லிக் கழற்றினீர்கள்?

கேள்வி: அருணாசலப் பிரதேசத்தில் நீர்மின் திட்ட ஆய்வு முகாமில், ஒப்பந்ததாரரிடம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். வயது 35, சம்பளம் 28,000 ரூபாய். 2025 பிப்ரவரியில் கார்டை (ஃபேனை மூடியிருக்கும் பாதுகாப்புத் தடுப்பு) கழற்றிவிட்டு வேலை பார்த்தபோது, ஓடிக்கொண்டிருந்த டிஜி செட்டின் (டீசல் ஜெனரேட்டரின்) ஃபேனில் கை சிக்கி இரண்டு விரல்கள் போய்விட்டன. மண்சரிவால் மறுநாள்தான் ஆஸ்பத்திரி. மோசமான சாப்பாடு, லீவு கிடையாது, ஃபோர்மேனின் வசவு வேறு. இப்போது ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: சாப்பாடும் வசவும் லீவும் ஒரு ரூபாயைக்கூட கூட்டித் தராது. மனுவில் எழுதாதீர்கள். கம்பெனியின் கவனக்குறைவையும் நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கார்டை யார் சொல்லிக் கழற்றினீர்கள் என்பது மட்டுமே கேள்வி.

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 2025 நவம்பர் 21-க்கு முன்பு விபத்து நடந்ததால் உங்களுக்கு 1923-ம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்தான். உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயங்களில் முதலாளி தப்பிக்க அதன் 3-வது பிரிவு வழி விட்டிருக்கிறது: குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புத் தடுப்பைத் தெரிந்தே கழற்றியது.

டிஜியை நிறுத்தினால் டிரில்லிங் பம்பும் நிற்கும். அதனால் பெல்ட் கத்தினால் நாலு போல்ட்டைக் கழற்றி, கார்டை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டத்திலேயே பார்க்கச் சொல்வார்கள். விரல் போன மறுநாள், கட்டுப் போட்ட கையோடு இருப்பவரிடம் ஆங்கிலத்தில் ஒரு விபத்து அறிக்கையை நீட்டுவார்கள். ‘கார்டை நானே, யாரும் சொல்லாமல் கழற்றினேன்’ என்று ஒரு வரி அதில் இருக்கும். சம்பள பாக்கிக்கான தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வழக்கறிஞரிடம் வரும் கட்சிக்காரர்கள்தான் அதிகம். ‘என் கவனக்குறைவு’ என்று மட்டும் இருந்தால் பயமில்லை. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு.

எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நகல் கேளுங்கள். ஃபோர்மேனின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், அன்றைய டிஜி லாக் புக் பக்கத்தின் போட்டோ, கூட இருந்த ஹெல்பரின் சொந்த ஊர் முகவரி, இவற்றை இன்றே எடுத்து வையுங்கள். முகாம் கலைந்துவிட்டால் ஹெல்பரைத் தேடிப் பிடிக்க முடியாது. முதல் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘மது வாடை’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி தொகை. சம்பளம் 28,000 ஆனாலும் சட்டம் 15,000 வரைதான் கணக்கில் எடுக்கும். அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் 35 வயதுக்கான காரணி (பெருக்கும் எண்) 197.06. பெருக்கினால் முழு ஊனத்துக்கு 17,73,540. ஒரே கையில் இரண்டு விரலுக்கு 20 சதவீதம், அதாவது 3,54,708 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராததால் 12 சதவீத வட்டியும் சேரும். பத்து லட்சம், இருபது லட்சம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒன்றரை லட்சத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். மூன்றரை லட்சத்துக்கு வந்தால், வட்டியை விட்டுக்கொடுத்தாவது முடித்துவிடுங்கள். ‘நானே கழற்றினேன்’ என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்து, ஃபோர்மேன் சொன்னதற்குச் சாட்சியும் இல்லையென்றால் யோசிக்காமல் முடித்துவிடுங்கள். ஆனால் ஒப்பந்தம் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாக வேண்டும். உரிமையை விட்டுக்கொடுக்கும் முத்திரைத்தாள் 17-வது பிரிவின்படி செல்லாது. பேச்சு இழுத்தால் 2027 பிப்ரவரிக்குள் உங்கள் ஊரிலேயே மனுப் போடலாம். ஒப்பந்ததாரரோடு திட்டக் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.