காமா கதிரில் ஜெல் வெளுத்துப் போகிறதா? முதலில் சூட்டைப் பாருங்கள்

வணக்கம். 10 சதவீத நிப்பாம் (என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு; சங்கிலியாக இணையும் சிறு மூலக்கூறு, அதாவது மோனோமர்) கரைசலை மே மாதம் மதுரையில் காமா அறைக்குள் வைத்தபோது கண்ணாடிபோல ஜெல் வராமல் தயிர்போல வெளுத்துவிட்டது, டோஸ் (கரைசல் வாங்கிய கதிர் அளவு) அதிகமா என்று கேட்டிருந்தீர்கள். டோஸ் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. 10 கிலோகிரே டோஸ் (ஒரு கிலோவுக்கு 10 கிலோஜூல் ஆற்றல்) முழுவதும் வெப்பமாக மாறினாலும் தண்ணீர் 2.4 டிகிரிதான் ஏறும். சூடு வருவது வினையிலிருந்து. இவ்வகை மோனோமர் ஒரு மோல் இணையும்போது சுமார் 80 கிலோஜூல் வெளியேறும். உங்கள் செறிவுக்குக் கணக்குப் போட்டால், வெப்பம் வெளியே போகாதபோது 15 டிகிரிக்கு மேல் ஏறும். இப்படி இணைந்து உருவாகும் சங்கிலியோ, அதாவது பாலிமரோ, 32 டிகிரியிலேயே தண்ணீரை உதறிச் சுருண்டுவிடும். நம் ஊர் கத்திரி வெயிலில் புட்டி தொடக்கத்திலேயே அந்த எல்லையில்தான் இருந்திருக்கும்.

சரி, அந்தப் புட்டியை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். தெளிந்தால் வெறும் சூட்டு வெளுப்பு. தெளியாவிட்டால், சுருண்ட நிலையிலேயே சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதை மீட்க முடியாது.

அடுத்த முறை 5 சதவீதக் கரைசலை மெல்லிய குழாயில் ஊற்றி ஐஸுக்கு நடுவே வையுங்கள். அப்புறம், 20 நிமிடம் நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டினீர்களா? கதிர் பட்டு நீர் உடையும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, உடனே வினைபுரியும் துண்டுதான் வினையைத் தொடங்குகிறது. வளரும் சங்கிலியை ஆக்சிஜன் பிடித்து நிறுத்திவிடும். தனியாகக் குறுக்கு இணைப்பி சேர்க்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். அதே ரேடிக்கல் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக் குறுக்கே கட்டிவிடும். தொடக்கி (வினையைத் தொடங்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) எச்சமே இல்லாத ஜெல் கிடைப்பதால்தான் இந்த முறை எனக்கு இவ்வளவு பிடிக்கும். ஐஸ் சூழ்ந்தால் டோஸ் சற்றுக் குறையும், மறுபடி அளந்துகொள்ளுங்கள்.