600 முகவரி, ஒரே ஒரு ஆர்டர்: மாட்டுங்கா பட்சணக் கடைக்கு ஒரு தீபாவளி மெயில் கணக்கு

கேள்வி: மும்பை மாட்டுங்கா கிழக்கில் எங்களுக்குச் சின்னப் பட்சணக் கடை. மாமியார் தொடங்கியது, இப்போது நானும் சமையலுக்கு இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். முறுக்கு, தட்டை, ரிப்பன், மைசூர்பாகு, தீபாவளி லேகியம். பில் போடும்போது கேட்டு எழுதி வைத்த இமெயில் முகவரிகள் 600க்கு மேல் நோட்டில் இருக்கின்றன. போன தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் என் பையன் 10% தள்ளுபடி என்று போஸ்டர் செய்து தன் ஜிமெயிலில் இருந்து எல்லோருக்கும் அனுப்பினான். ஒரே ஒரு ஆர்டர் வந்தது. பலருக்கு ஸ்பேமில் போய் விழுந்ததாம். இந்த வருஷம் இமெயிலை விட்டுவிட்டு வாட்ஸ்அப் மட்டும் போதுமா?

பதில்: ஒரு ஆர்டர் வந்ததே பெரிய விஷயம் என்பேன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது பட்சணம் வேண்டியவர்கள் எங்கேயோ சொல்லி முடித்திருப்பார்கள், இல்லை வீட்டிலேயே மாவு அரைத்து வைத்திருப்பார்கள். சரி, ஒன்றுக்குப் பதிலாக அறுபது ஆர்டர் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இரண்டு பேர், இரண்டு அடுப்பு, நாலு நாள். கூட்டம் வராதது உங்கள் கடையின் பிரச்சினை இல்லை, எல்லாக் கூட்டமும் கடைசி வாரத்தில் வருவதுதான் பிரச்சினை. அதனால் மெயிலை நோட்டீஸாக நினைக்காமல் ஆர்டர் நோட்டாக நினையுங்கள். யாருக்கு என்ன, எத்தனை கிலோ, எந்தத் தேதிக்கு என்பது எண்ணெய் டின் வாங்குவதற்கு முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு மெயில் நன்றாக உதவும், தள்ளுபடி அவ்வளவாக உதவாது.

முதலில் ஸ்பேம் விஷயத்தை முடித்துவிடலாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் இருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். 600 பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பப் பார்த்தால் கூகுள் அந்தக் கணக்கில் இருந்து மெயில் அனுப்புவதையே சிறிது நேரம் நிறுத்தி வைக்கும். அதோடு இதுவரை ஒரு வார்த்தைகூட எழுதாத முகவரியில் இருந்து, உள்ளே எழுத்தே இல்லாமல் ஒரு படம் மட்டும், தலைப்பில் தள்ளுபடி என்று இருந்தால் எந்த வடிகட்டியும் சந்தேகப்படத்தான் செய்யும்.

கடைப் பெயரில் ஒரு டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் சொந்த இணையப் பெயர், வாங்குங்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும். அப்புறம் மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்குங்கள், உங்கள் அளவுக்கு இலவசத் திட்டமோ அடுத்த மலிவான திட்டமோ போதும். அங்கே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகளை டொமைனில் சேர்க்கச் சொல்வார்கள். பெயர்தான் பயமுறுத்தும், வேலை என்னவோ அவர்கள் தரும் வரிகளைப் பிரதி எடுத்து ஒட்டுவதுதான், உங்கள் பையனுக்கு அரை மணி நேர வேலை. இந்த மெயில் உண்மையிலேயே இந்தக் கடையில் இருந்துதான் வருகிறது என்பதற்கு அவைதான் அத்தாட்சி. 2024 பிப்ரவரியில் இருந்து கூகுள் இதில் கறாராக இருக்கிறது. மூன்றும் கட்டாயம் என்பது ஒரு நாளைக்கு 5,000 மெயில் அனுப்புகிறவர்களுக்குத்தான், இருந்தாலும் சின்னக் கடையும் செய்து வைப்பது நல்லது. ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்றும் கூகுள் சொல்கிறது. உங்கள் பட்டியலுக்கு அதைக் கணக்குப் போட்டால் 600 பேரில் இரண்டு பேர் அந்தப் பட்டனை அழுத்தினாலே தாண்டிவிடும். ஆகவே 'இனி வேண்டாம்' என்கிற இணைப்பை ஒளித்து வைக்காதீர்கள். போகிறவரை நிம்மதியாகப் போகவிடுங்கள், அவர் கடைக்கு நேரில் வருவதை அது தடுக்காது.

நோட்டில் இருக்கும் முகவரிகளைத் தட்டச்சு செய்வதைச் சமையல் வேலை இல்லாத ஒரு மத்தியானத்தில் நீங்களே செய்யுங்கள். கையெழுத்துப் புரிந்தவர் நீங்கள்தான், யார் எந்த பில்டிங், யார் மாமி, யார் புது மருமகள் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். ஜிமெயிலில் ஒரு எழுத்து இடம் மாறியிருக்கும், டாட் காம் என்பது டாட் கான் ஆகியிருக்கும். திருத்துங்கள், சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முகவரிக்குப் பக்கத்திலும் பின்கோடு எழுதுங்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் இருந்தோ யாரோ விற்கும் பட்டியலில் இருந்தோ ஒரு முகவரிகூடச் சேர்க்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது, எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லவும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அப்படிப்பட்டவர்கள்தான் முதலில் ஸ்பேம் பட்டனை அழுத்துவார்கள். இந்த வாரம் முதல் பில் மேஜையில் 'தீபாவளி ஆர்டர் தகவலை மெயிலில் அனுப்பலாமா?' என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் எழுதுங்கள்.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். 'நாளைக்கு உங்கள் டப்பா தயார்' என்று சொல்ல அது போதும். விலைப்பட்டியலை ஒருவர் மூன்று நாள் கழித்துத் தேடி எடுப்பதற்கும், ஆபீசில் இன்னொருவருக்கு அனுப்பி வைப்பதற்கும், வெளிநாட்டில் இருக்கும் பெண்ணோ பிள்ளையோ தங்கள் ஊர் ராத்திரியில் உட்கார்ந்து இங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஆர்டர் போடுவதற்கும் மெயில்தான். இந்தக் கடைசி வகையை மாட்டுங்காவில் யாரும் சரியாகக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். அந்தப் பிள்ளைகளுக்கு விலை ஒரு பொருட்டே இல்லை, மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய்க் கொடுப்பீர்களா என்பதுதான் கேள்வி. கொடுத்துவிட்டு அம்மா டப்பாவோடு நிற்கும் படத்தை, அம்மாவிடம் கேட்டுவிட்டு, அனுப்பி வைத்தால் அடுத்த வருஷ ஆர்டர் இப்போதே நிச்சயம்.

இப்போது முக்கியமான மெயிலுக்கு வருகிறேன். பிள்ளையார் விசர்ஜனம் முடிந்த வாரம், அதாவது தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, விற்பதற்கு ஒன்றும் இல்லாத ஒரு மெயில் அனுப்புங்கள். ஒரே ஒரு கேள்வி.

தலைப்பு: தீபாவளிக்கு மும்பையா, ஊரா?

'வணக்கம். மாட்டுங்கா கடையில் இருந்து எழுதுகிறேன். போன வருஷம் கடைசியில் வந்தவர்களுக்கு ரிப்பன் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது, எனக்கே கஷ்டமாக இருந்தது. இந்த வருஷம் முன்னாலேயே கணக்குப் போடப் பார்க்கிறேன். தீபாவளிக்கு மும்பையில் இருந்தால் 1, ஊருக்குப் போவதானால் 2 என்று இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். போன வருஷம் எது பிடித்தது, எது சரியில்லை என்றும் ஒரு வரி எழுதினால் சந்தோஷம்.'

அவ்வளவுதான். படம் வேண்டாம், பட்டாசு வேண்டாம், கீழே உங்கள் பெயர். அந்தச் சமயத்தில் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் இருந்து ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. அதனால் தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது டிக்கெட் கிடைத்ததா இல்லையா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மகாளய பட்சத்தில் புதிதாக ஒன்றும் வாங்க மாட்டார்கள், ஆனால் கேள்விக்குப் பதில் போடுவதில் தோஷம் இல்லை! 2 என்று எழுதியவருக்கு ரயிலில் உடையாத பட்சணம், கிளம்பும் தேதிக்கு முந்தின நாள் பேக்கிங். 1 என்றவருக்கு வேறு தேதி. இப்படி ஊருக்குப் போகிறவர்கள் முன்னாலேயே வாங்கிப் போய்விட்டால் கடைசி வாரத்து அடுப்புக்குப் பாரம் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. பதில் போட்ட ஒருவருக்கு நீங்கள் அடுத்து அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழுவது அபூர்வம்.

முதல் தடவை 600 பேருக்கும் ஒரே நாளில் வேண்டாம். அடிக்கடி வருகிறவர்களில் நூறு பேருக்கு முதலில், முகவரி தப்பு என்று எத்தனை மெயில் திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டு மறுநாள் அடுத்த இருநூறு, அப்படிப் போங்கள். ஒரு எச்சரிக்கை, இது என் சொந்த அனுபவம். பல வருஷங்களுக்கு முன் ஒரு கடைக்காக முந்நூறு முகவரிகளை பிசிசியில் போடுவதற்குப் பதில் சிசியில் போட்டு அனுப்பிவிட்டேன். முந்நூறு பேருக்கும் முந்நூறு பேர் முகவரியும் தெரிந்துவிட்டது, யாரோ ஒரு மாமா 'எல்லோருக்கும் பதில்' அழுத்தித் தன் முழங்கால் வைத்தியரைப் பரிந்துரைக்க, இரண்டு நாள் அது ஓடியது. நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய மெயில்தான் அந்த வருஷம் அதிகம் பேர் படித்த மெயில்.

விலைப்பட்டியல் மெயில் விஜயதசமிக்கு மறுநாள் போகட்டும். சுண்டல் ஆர்டர் முடிந்து உங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கும், தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இதில் சாமான் பெயர், கிலோ விலை, எத்தனை நாள் தாங்கும், ஆர்டர் எடுக்கும் கடைசித் தேதி. இந்தக் கடைசித் தேதிதான் உங்கள் தள்ளுபடி. 10% விட்டுக் கொடுப்பதை விட, இந்தத் தேதிக்குள் பணம் கட்டியவருக்கு ஒரு சின்ன டப்பா லேகியம் சேர்த்துக் கொடுப்பது உங்களுக்கும் கட்டுப்படியாகும், அவருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு சாமான் முடிந்துவிட்டால் 'ரிப்பன் முடிந்தது, தட்டை 20 கிலோ பாக்கி' என்று உண்மையாகவே ஒரு வரி மெயில் அனுப்பலாம், அதுவும் இன்னும் ஆர்டர் செய்யாதவர்களுக்கு மட்டும். முடியாததை முடிந்தது என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த வருஷம் யாரும் நம்ப மாட்டார்கள்.

பின்கோடு எழுதச் சொன்னேன் இல்லையா, அது இங்கேதான். ஒரு காலத்தில் மாட்டுங்காவில் இருந்த குடும்பங்கள் பலவும் இப்போது செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்று போய்விட்டன. முறுக்குக்காக கிங்ஸ் சர்க்கிள் வரை வர மனசு இருக்கும், முழங்கால் இருக்காது. 400071 என்றால் செம்பூர், 400080, 400081 என்றால் முலுண்ட். அந்தந்தப் பின்கோட்டுக்குத் தனியாக, 'சனிக்கிழமை காலை பத்தில் இருந்து பன்னிரண்டு வரை உங்கள் பகுதியில் வண்டியோடு நிற்போம், இடம் இது' என்று அனுப்புங்கள். முலுண்ட் செய்தி மாட்டுங்காக்காரருக்குப் போக வேண்டியதில்லை. நூறு பேருக்குச் சரியான மெயில் போதும்.

எழுத்து விஷயத்தில் சிலது. அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த விலைப்பட்டியல் இருந்தால் அதை அப்படியே மெயிலில் ஒட்டாதீர்கள், அந்தப் பக்கம் கோழி கிறுக்கியது மாதிரி போய்ச் சேரும், எல்லாப் போனிலும் தெரிகிற யூனிகோடு எழுத்தில் திரும்ப அடியுங்கள். வேர்டில் இருந்து வெட்டி ஒட்டினாலும் தேவையில்லாத குப்பை கூடவே வரும், 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மெயிலைப் பாதியில் வெட்டிவிடும், கடைசித் தேதி அந்தப் பாதியில் போய்விட்டால் வம்பு. தலைப்பில் முதல் நாலைந்து சொல்தான் போனில் தெரியும், 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று தொடங்கினால் அந்த இடம் வீண், அன்றைக்கு வரும் எல்லா மெயிலும் அப்படித்தான் தொடங்கும். பெயர் தானாக விழுகிற வசதியையும் நம் ஆட்களுக்குப் பயன்படுத்தாதீர்கள். நம் பெயரில் இனிஷியல் முன்னால் நிற்பதால் 'அன்புள்ள வி' என்று போய் விழும். வணக்கம் என்றால் யாருக்கும் குறை இல்லை. தமிழ் படிக்கத் தெரியாத அடுத்த தலைமுறைக்கும், தங்கள் வீட்டுச் சக்லியோடு நம் தேன்குழலையும் ஒரு கிலோ வாங்கிப் போகிற மராத்தி அக்கம்பக்கத்துக்கும் அதே விஷயத்தை ஆங்கிலத்தில் தனியாக எழுதுங்கள், இரண்டையும் ஒரே மெயிலில் கலந்து நீளமாக்க வேண்டாம்.

ஆபீஸ் ஆர்டர் வேண்டுமானால் அது தனி மெயில், விஜயதசமி வரை காத்திருக்கக் கூடாது, நவராத்திரிக்கு முன்பே போக வேண்டும். ஒரு டப்பா விலை, 50 எடுத்தால் என்ன விலை, ஜிஎஸ்டி பில் கிடைக்குமா, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பர், டெலிவரி நாள். கதை எதுவும் வேண்டாம். உங்கள் பட்டியலில் பிகேசியிலோ அந்தேரியிலோ வேலை பார்க்கிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள், அவர்களிடம் 'உங்கள் ஆபீசில் இதைப் பார்க்கிறவருக்கு அனுப்பி வைப்பீர்களா' என்று கேட்டால் போதும். ஆனால் முதல் வருஷம் இரண்டு ஆபீசுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று அந்தச் சேவை ஒரு எண் காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், கவலைப்படவும் வேண்டாம். 2021இல் இருந்து ஆப்பிள் போன்கள், ஆள் படிக்காவிட்டாலும் மெயிலைத் திறந்த மாதிரி காட்டக்கூடும். எத்தனை பதில் வந்தது, எத்தனை கிலோ, அதில் எத்தனை கடைசி வாரத்துக்கு முன்னால் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

தீபாவளி முடிந்து நாலு நாள் கழித்து, வாங்கியவர்களுக்கு மட்டும், எது மிச்சமானது, எதைப் பிள்ளைகள் முதலில் காலி செய்தார்கள் என்று கேட்டு ஒரு மெயில். கார்த்திகைக்குப் பொரி உருண்டை செய்வதாக இருந்தால் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த மெயிலை எனக்கும் அனுப்புங்கள், பின்கோடு 400071.