வேலிக்குள் கேட்கும் 'டக்… டக்': பிளைத் நாணல் கதிர்க்குருவி – கேள்வி பதில்

கேள்வி (நத்தம்): எங்கள் மருதாணி வேலிக்குள் காலையிலிருந்து 'டக்… டக்' என்று ஏதோ கத்துகிறது. எட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அக்டோபரில்தான் இது ஆரம்பித்தது. தையல்சிட்டா அண்ணா?

அக்டோபரில் ஆரம்பித்தது என்றீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. தையல்சிட்டு வருஷம் முழுக்க இருக்கும், விடாமல் உரக்கக் கூவும். உங்கள் வேலியில் இருப்பது பிளைத் நாணல் கதிர்க்குருவி. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று எடுங்கள், அதே ஒலி வரும். செப்டம்பர், அக்டோபரில் வந்து ஏப்ரல் கடைசிவரை தங்கும். இந்தப் பறவையைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். குரல் பழகிவிட்டால் ஊரில் எத்தனை புதர்களில் அது இருக்கிறது என்று அசந்துபோவீர்கள்.

கேள்வி (பாலக்கோடு): ஒருவழியாகப் படம் எடுத்துவிட்டேன். ஆனால் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லையே?

அடையாளம் இல்லாததுதான் முதல் அடையாளம். முதுகு மங்கிய பழுப்பு, வயிறு அழுக்கு வெள்ளை, அலகு கொஞ்சம் நீளம். முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண்வரை வெளிர்கோடு ஒன்று வருகிறது, கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடுகிறது. இதைப் போலவே தோன்றும் நெல்வயல் கதிர்க்குருவிக்கு அந்தக் கோடு தடிமனாகக் கண்ணுக்குப் பின்னாலும் ஓடும், அதற்கு மேலே கருமையான ஓரமும் இருக்கும். உங்கள் படத்தில் அந்த ஓரம் இல்லை.

கேள்வி (செங்கல்பட்டு): ஏரி நாணலில் தேடினேன். அங்கே இருந்தது இதைவிடப் பெரிதாக, கரகரவென்று கத்தியது.

அது பெரிய நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருந்தாலும் நம் குருவிக்குப் புதரும் வேலியும் மரக்கிளைகளும்தான் பிடிக்கும், இலை இலையாகப் பூச்சியும் சிலந்தியும் தேடும்.

கேள்வி (மதுரை): எங்கிருந்து வருகிறது? அங்கே போய் என்ன செய்யும்?

பின்லாந்திலிருந்து ரஷ்யா, கஜகஸ்தான் வழியாக சைபீரியாவரை கூடு கட்டுகிறது. பின்லாந்திலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் பார்த்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர். எடையோ பத்துப் பன்னிரண்டு கிராம்தான். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டு இரவில் பறக்கும். ஐரோப்பாவின் மற்ற நாணல் கதிர்க்குருவிகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது இது தென்கிழக்கே திரும்பி நம் பக்கம் வருகிறது. வளர்ந்த பறவைகள் முன்னாலேயே கிளம்பிவிடும். குஞ்சுகள் அப்புறம், வழிகாட்ட யாரும் இல்லாமல் வரும். திசை பிறவியிலேயே வருவது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அங்கே இது இரவுப் பாடகர். பிற பறவைகளின் குரல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நிதானமாகப் பலமுறை திருப்பிப் பாடும். நடுநடுவே நாம் கேட்கும் அதே 'டக் டக்'. கிளம்புமுன் ஏப்ரலில் இங்கேயும் சில பாடுவதுண்டு, விடியற்காலையில் கவனியுங்கள்.

கேள்வி (கோவை): பேரலகு நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று இருக்கிறதாமே? நம்மிடம் வருவதில் அது கலந்திருக்குமா?

அருமையான கேள்வி. 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் (பின்னாளில் காங்கிரஸை நிறுவியவர்களில் ஒருவர், அவரேதான்) ஒரு குருவியைச் சேகரித்தார். அதன்பின் நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஒரே குருவியின் உடல்தான் சான்று. தனி இனம்தானா என்றே சந்தேகப்பட்டார்கள். தனி இனம்தான் என்று 2002இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. 2006இல் தாய்லாந்தில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பறவை ஆய்வாளர் ஃபிலிப் ரவுண்டின் வலையில் ஒன்று சிக்கியது. அடுத்த சில வருஷங்களில் ஆப்கானிஸ்தானின் வாக்கான் பகுதியில் அவை கூடு கட்டும் இடமே தெரியவந்தது. அலகு, நகம், சிறகின் நீளம் எல்லாம் கையில் வைத்து அளந்தால்தான் வித்தியாசம் பிடிபடும். அதனால் தூரத்துப் படத்தைப் பார்த்து யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி (திருச்சி): குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வெளியே வரவைக்கலாமா?

வேண்டாம். குளிர்காலத்திலும் அது தன் எல்லையைக் காத்துக்கொண்டுதான் இருக்கும், வேறு பறவை வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். அசையாமல் ஓர் இடத்தில் உட்காருங்கள், புதரின் ஓரத்துக்கு அதுவே வரும்.

கேள்வி (ஏற்காடு): தோட்டத்தில் உண்ணிச்செடி மண்டிவிட்டது. வெட்டினால் இந்தக் குருவிக்குப் பாதகமா?

உண்ணிச்செடி அந்நியக் களை, வெட்டத்தான் வேண்டும். ஆனால் மே மாதம்வரை பொறுங்கள், அதற்குள் இவை கிளம்பியிருக்கும். அப்போதும் உள்ளூர்ப் பறவைகள் ஏதாவது கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்தைச் சும்மா விடாமல் நொச்சியோ ஆடாதொடையோ வேலியாக நட்டுவிடுங்கள்.